எடை குறைந்த வேட்டை ரைபிள் வாங்கும் முன்: முழுமையான வழிகாட்டி

இலேசான ரைபிளைக் கடையில் கையில் எடுத்ததுமே மனம் சாய்ந்துவிடும். ஒரு கையால் தூக்க முடிகிறது, தோளில் வைத்தால் இருப்பதே தெரியவில்லை, மலையேற்றத்தை நினைத்தால் இப்போதே வாங்கிவிடலாம் என்று தோன்றும். அந்த ஆசை நியாயமானதுதான். ஆனால் எடையை யாரும் சும்மா குறைத்துத் தருவதில்லை. குழலிலோ, தோளில் பதியும் கட்டையிலோ, தோட்டா ஏறும் உலோகக் கூடான ரிசீவரிலோ எங்கேயோ வெட்டியிருக்கிறார்கள். அந்த வெட்டின் பலன் நடக்கும்போது நாள் முழுக்கக் கிடைக்கும். அதற்கான கடன், சுடுகிற நாலைந்து வினாடிக்குள் மொத்தமாக வசூலாகும். அந்த வினாடிகளில் எதிரே நிற்பது ஓர் உயிர். காயத்தோடு ஓடவிட்டால் அது படும் பாட்டுக்கு நம் தோள்வலி ஈடாகாது. அதனால் இந்த வழிகாட்டி, சுடும் கணத்திலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வந்து எடையை முடிவு செய்கிறது.

முதலில் ஒன்று. வேட்டைக்குச் சட்டம் இடம் தரும் நாட்டில், முறையான உரிமத்தோடு வேட்டையாடுபவர்களுக்காக எழுதுகிறேன். பல நாடுகளில் எந்த மிருகத்துக்கு எந்த அளவுத் தோட்டா, குண்டுக்கு எவ்வளவு ஆற்றல் இருக்க வேண்டும் என்று சட்டமே வரையறுத்திருக்கிறது. அதைப் பார்க்காமல் கீழே சொல்லும் எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

1. தோளில் ஏறும் எடையைக் கணக்கிடுங்கள்

தயாரிப்பாளர் அட்டவணையில் இருப்பது வெறும் ரைபிளின் எடை. குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப் இல்லை, அதைப் பிடிக்கும் வளையங்கள் இல்லை, தோட்டா இல்லை, தோள்வார் இல்லை. பல அட்டவணைகள் பவுண்டில் இருக்கும். ஒரு பவுண்டு ஏறத்தாழ 454 கிராம்.

2.5 கிலோ ரைபிள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 400 கிராம் ஸ்கோப், 100 கிராம் வளையங்கள், நான்கு தோட்டாக்கள் 100 கிராம், தோள்வார் 120 கிராம். மொத்தம் 3.2 கிலோவைத் தாண்டிவிடும். அதே ரைபிளில் 750 கிராம் ஸ்கோப், அதைப் பிடிக்க 200 கிராம் எஃகுத் தாங்கி, 400 கிராம் பைபாட் (முன்பக்க இருகால் தாங்கி) மாட்டினால், தோட்டாவும் தோள்வாரும் சேர்த்து மொத்தம் 4 கிலோவுக்கு மேல். இலேசான ரைபிளுக்கென்று கூடுதலாகக் கொடுத்த பணம் அப்படியே வீணாகிப்போன கணக்கு இது. இந்தக் கூட்டலைக் கடைக்குப் போவதற்கு முன்பே தாளில் போட்டுவிடுங்கள். வெற்று எடை என்று தனியாகச் சொல்லாதவரை, இனி இந்த வழிகாட்டியில் எடை என்று சொன்னால் இந்த மொத்த எடையைத்தான் சொல்கிறேன்.

2. எவ்வளவு நடப்பீர்கள், எப்படிச் சுடுவீர்கள்?

முதுகுப்பையின் எடையை இடுப்புப் பட்டி வாங்கிக்கொள்ளும். ரைபிள் அப்படியில்லை. ஒரு தோளில் தொங்கும், இல்லையென்றால் கையில் இருக்கும். பாறை ஏறும்போது ஒரு கை அதற்கே போய்விடும். அதனால் பையில் குறையும் அரைக் கிலோவைவிட ரைபிளில் குறையும் அரைக் கிலோ உடம்புக்கு அதிகம் தெரியும். இலேசான ரைபிள் வேண்டும் என்பவர்கள் சொல்லும் காரணங்களில் மிக வலுவானது இதுதான். அதை நான் முழுமையாக ஏற்கிறேன்.

ஆனால் மரப்பரணில் உட்கார்ந்தோ, வயல் ஓரத்தில் மறைவிடத்திலோ காத்திருந்து சுடுபவருக்கு இந்தக் காரணம் பொருந்தாது. காரிலிருந்து இறங்கி 500 மீட்டர் நடக்கிறவருக்கு 4 கிலோ ரைபிள் பாரமே இல்லை. சுடும்போது அந்த எடை துணையாகத்தான் நிற்கும்.

என் கணிப்பில், உயர்ந்த மலையில் நாள்கணக்கில் ஏறி இறங்குபவருக்கு மொத்த எடை 3 முதல் 3.3 கிலோ சரியாக இருக்கும். நடையும் காத்திருப்பும் கலந்த வேட்டைக்கு 3.4 முதல் 3.8 கிலோ. உட்கார்ந்தே சுடுபவர் 4 கிலோவுக்கு அஞ்ச வேண்டியதில்லை. 3 கிலோவுக்குக் கீழே போவதென்றால் அதற்குத் தனிக் காரணமும், அதற்கேற்ற பயிற்சியும், மென்மையான தோட்டாவும் இருக்க வேண்டும்.

3. முதலில் தோட்டா, அப்புறம் ரைபிள்

பெரும்பாலானவர்கள் ரைபிளைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அது எந்தத் தோட்டாவில் கிடைக்கிறது என்று பார்க்கிறார்கள். இலேசான ரைபிள் விஷயத்தில் இந்த வரிசையைத் திருப்பிப்போட வேண்டும், ஏனென்றால் எடை குறைந்தால் உதை, அதாவது சுட்டதும் ரைபிள் தோளில் பின்னோக்கி இடிப்பது, கூடும். எவ்வளவு கூடும் என்று யாரையும் கேட்க வேண்டாம், நாமே கணக்குப் போடலாம்.

குண்டும் எரிந்த வெடிமருந்தின் வாயுவும் முன்னோக்கிப் போகும் உந்தம் எவ்வளவோ, அதே உந்தத்தோடு ரைபிள் பின்னோக்கி வரும். மருந்து வாயுவின் வேகத்தைக் குண்டு வேகத்தைப்போல் 1.75 மடங்கு என்று எடுத்துக்கொள்வது வேட்டை ரைபிள்களுக்கு வழக்கம். .308 வின்செஸ்டர் என்ற தோட்டா வகையில் 9.7 கிராம் குண்டு நொடிக்கு 850 மீட்டர் வேகத்தில் போகிறது, மருந்து 2.9 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்த எடை 4 கிலோவாக இருந்தால் ரைபிள் நொடிக்கு 3.1 மீட்டர் வேகத்தில் பின்னே வரும். உதையின் ஆற்றல் 20 ஜூல். அதே தோட்டா 3 கிலோ ரைபிளில் நொடிக்கு 4.2 மீட்டர், 26 ஜூல். 2.7 கிலோவில் 30 ஜூலுக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

ஆற்றல் மட்டும் கதையைச் சொல்லாது. உதை எவ்வளவு வேகமாக வருகிறது என்பதுதான் தோளுக்கும் கன்னத்துக்கும் அதிகம் தெரிவது. கனமான ரைபிள் தள்ளும், இலேசானது குத்தும். ஆற்றல் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தாலும் குத்துக்குத்தான் உடம்பு சீக்கிரம் பயப்படும்.

இப்போது ரைபிள் எடையை 3 கிலோவிலேயே நிறுத்தி, தோட்டாவை மட்டும் மாற்றிப் பார்ப்போம். .243 வின்செஸ்டரில் 6.5 கிராம் குண்டு என்றால் உதை 16 ஜூல் அளவில் இருக்கும். 6.5 கிரீட்மோரில் 9 கிராம் குண்டுக்கு 22 ஜூல். 7மிமீ-08 ரெமிங்டனில் அதே 9 கிராம் குண்டுக்கு 24 ஜூல். அதிக மருந்து நிரப்பிய .300 வின்செஸ்டர் மேக்னத்தில் 11.7 கிராம் குண்டுக்கு 54 ஜூல்! .308-ஐப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. சாதாரண உடல்வாகு உள்ள பெரும்பாலானவர்கள் 20 ஜூல் வரை அலுக்காமல் பயிற்சி செய்ய முடியும். 27 ஜூலைத் தாண்டினால் பயிற்சியையே தள்ளிப்போடத் தொடங்குவார்கள். 54 ஜூல் என்றால் வருடத்துக்கு ஒரு பெட்டித் தோட்டா சுடுவதே அரிது. பயிற்சி இல்லாத கையில் மேக்னம் இருந்து என்ன பயன்?

வரலாறும் இதையே காட்டுகிறது. வின்செஸ்டர் நிறுவனத்தின் மாடல் 70 ஃபெதர்வெயிட் வந்த 1952-ஆம் ஆண்டில்தான் .308 வின்செஸ்டர் தோட்டாவும் வந்தது. குட்டையான தோட்டா, குட்டையான ரிசீவர், குறைந்த எடை என்ற குடும்பம் அங்கிருந்து வளர்ந்தது: 1955-இல் .243, 1980-இல் 7மிமீ-08. ரெமிங்டனின் மாடல் செவன் 1983-இலும் அதன் மவுன்டன் ரைபிள் 1986-இலும் வந்தன. அப்போதே 3 கிலோவைச் சுற்றிய வெற்று எடையை இலேசு என்று கொண்டாடினார்கள். இன்று கிம்பர் மவுன்டன் அசென்ட் போன்றவை 2.2 கிலோ வெற்று எடையில் வருகின்றன. கூடவே கழற்றி மாட்டக்கூடிய மஸில் பிரேக்கையும் (குழல் முனையில் வாயுவைத் திருப்பி உதையைக் குறைக்கும் பாகம்) தருகிறார்கள். உதையை ஏதாவது செய்தாக வேண்டும் என்பது தயாரிப்பாளருக்கே தெரியும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

மான் அளவுள்ள மிருகங்களுக்கு இலேசான ரைபிளில் என் தேர்வு 6.5 கிரீட்மோர் அல்லது 7மிமீ-08. ஏற்கெனவே .308 வைத்திருப்பவர் அதை மாற்ற வேண்டியதில்லை, 8.4 கிராம் செப்புக் குண்டு போன்ற இலேசான குண்டுக்கு மாறினால் உதை கொஞ்சம் குறையலாம். எல்க், மூஸ் எனும் மாபெரும் மான்கள் அளவுக்குப் பெரிய மிருகம், அதுவும் நீண்ட தூரம் என்றால் மேக்னம் தேவைப்படலாம். அப்போது இலேசான ரைபிள் ஆசையை விட்டுவிடுவதே நல்லது.

மஸில் பிரேக் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். நல்ல பிரேக் உதையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைக்கும். ஆனால் வெடிச்சத்தத்தைப் பக்கவாட்டிலும் பின்னாலும் திருப்பிவிடும். வேட்டை ரைபிளின் சத்தம் பிரேக் இல்லாமலேயே 140 டெசிபெலைத் தாண்டும். ஒரே வேட்டில் காது நிரந்தரமாகப் பழுதாக அது போதும். காட்டில் அவசரத்தில் காதுக்கவசம் போட மறப்பது சகஜம், பக்கத்தில் நிற்கும் துணைவர் போட்டிருப்பார் என்பதும் நிச்சயமில்லை. சட்டம் அனுமதிக்கும் இடத்தில் சைலன்சர் இதைவிட எவ்வளவோ மேல். 300 முதல் 500 கிராம் கூடும், நீளமும் 15 சென்டிமீட்டருக்கு மேல் கூடும். ஆனாலும் உதை, சத்தம் இரண்டும் குறைந்து, முனையில் கொஞ்சம் பாரமும் சேர்வதால் குறி நிற்கும். சைலன்சர் மாட்டுவதென்றால் 50 சென்டிமீட்டருக்கு மேல் குழல் வேண்டாம்.

4. எடை எங்கிருந்து போனது என்று கேளுங்கள்

இரண்டு ரைபிள்களும் 2.6 கிலோ என்று வையுங்கள். ஒன்றில் குழலை மெலிதாக்கியிருக்கிறார்கள். மற்றொன்றில் குழலை ஓரளவு விட்டுவிட்டு, கட்டையையும் ரிசீவரையும் இலேசாக்கியிருக்கிறார்கள். தராசு இரண்டையும் ஒன்றென்று சொல்லும். சுடுபவர் அப்படிச் சொல்ல மாட்டார்.

குழல்தான் அதிகம் வெட்டப்படும் பாகம், ஏனென்றால் அதில் வெட்டுவது மலிவு. ஆனால் குழலின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கைச் சார்ந்தது. விட்டத்தில் 10 சதவீதம் குறைத்தால் விறைப்பில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். விறைப்பு குறைந்த குழல் ஒவ்வொரு வேட்டிலும் அதிகமாக அதிரும்; முன்கட்டை லேசாகத் தொட்டாலும் குறி மாறும். சீக்கிரம் சூடேறும். குழலுக்குள் உற்பத்தியின்போது தங்கிய இறுக்கம் சரியாக நீக்கப்படாமல் இருந்தால், சூடாகும்போது குழல் ஒரு பக்கமாக வளையத் தொடங்கும். முதல் இரண்டு குண்டுகள் ஒட்டி விழும், மூன்றாவது மேலே போகும், நான்காவது இன்னும் மேலே. குறிப்பலகையில் இப்படி ஒரு படிக்கட்டு தெரிந்தால் சுடுபவரைத் திட்டாதீர்கள், குழலை ஆறவிட்டுப் பாருங்கள்.

வேட்டையில் முதல் குண்டுதான் முக்கியம், சூடேறினால் என்ன என்று சொல்வார்கள். பெருமளவு சரி. ஆறிய குழலிலிருந்து போகும் முதல் இரண்டு குண்டுகள் எப்போதும் ஒரே இடத்தில் விழுந்தால் மெல்லிய குழல் வேட்டைக்குப் போதும். ஆனால் பயிற்சிக்கு அது இடைஞ்சல்; ஒவ்வொரு மூன்று குண்டுக்கும் பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருக்க வேண்டும்.

மெலிதாக்குவதைவிடக் குட்டையாக்குவது நல்ல பேரம். விறைப்பு நீளத்தின் மூன்றாம் அடுக்குக்கு எதிர்மாறாகப் போகும். 56 சென்டிமீட்டர் குழலை 51 ஆக்கினால், அதே தடிமனில் மூன்றில் ஒரு பங்கு விறைப்பு கூடும், எடையும் குறையும், புதரில் சிக்காது. இழப்பு, இரண்டு அங்குலத்துக்கும் சேர்த்து நொடிக்கு 15 முதல் 30 மீட்டர் வேகம். 250 மீட்டருக்குள் சுடுகிற யாருக்கும் அது தெரியாது. சத்தமும் முனைத் தீயும் கொஞ்சம் கூடும், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

வெளிப்பக்கம் நீளவாக்கில் பள்ளம் வெட்டிய குழல்களைப் பற்றி ஒரு குழப்பம் உண்டு. பள்ளம் வெட்டினால் விறைப்பு கூடாது, குறையும். ஆனால் அதே எடையுள்ள வழுவழுப்பான மெல்லிய குழலைவிட அது விறைப்பாக இருக்கும். கார்பன் நார் சுற்றிய குழலும் இப்படித்தான்: தடிமனான எஃகுக் குழலைவிட இலேசு, ஆனால் மிக மெல்லிய எஃகுக் குழலைவிடக் கனம். எடை மட்டுமே குறி என்றால் கார்பன் விடையல்ல. விறைப்பைக் காப்பாற்றிக்கொண்டு எடையைக் குறைக்க வேண்டுமென்றால் அது நல்ல விடை, விலை அதிகம்.

கட்டைதான் எடையைக் குறைக்கச் சிறந்த இடம். அச்சில் வார்த்த சாதாரண பிளாஸ்டிக் கட்டை ஒரு கிலோவை ஒட்டி இருக்கும். நல்ல கார்பன் அல்லது கெவ்லார் கட்டை அதில் பாதிக்குச் சற்று மேல்தான் இருக்கும், ஆனால் பல மடங்கு விறைப்பாக இருக்கும். 1980-களில் மேற்கு வர்ஜீனியாவைச் சேர்ந்த மெல்வின் ஃபோர்ப்ஸ் தன் அல்ட்ரா லைட் ஆர்ம்ஸ் ரைபிள்களில் இதைத்தான் செய்து காட்டினார். ரிசீவரைத் தோட்டாவுக்கேற்ற அளவுக்குச் சிறிதாக்கினார். கட்டையை ஏறத்தாழ அரைக் கிலோவுக்குக் கொண்டுவந்தார். ஆனால் கட்டை வளையாதபடி செய்தார். குழலை அளவுக்கு மீறி மெலிதாக்கவே இல்லை. இன்றைக்குத் தொழிற்சாலை ரைபிள் ஒன்றை எடைபோடும்போது அவர் போட்ட வரிசையைத்தான் நான் அளவுகோலாக வைக்கிறேன்: முதலில் கட்டை, அப்புறம் ரிசீவர், கடைசியில் குழல்.

விலை குறைந்த இலேசான ரைபிள்களில் சிக்கல் பெரும்பாலும் கட்டையில்தான். உள்ளே வெறுமையாக, தேன்கூடுபோல் சுவர்கள் மட்டும் வைத்து வார்த்திருப்பார்கள். பைபாட் மாட்டி முன்னால் அழுத்தினால் முன்கட்டை வளைந்து குழலைத் தொடும். பையின் மேல் வைத்துச் சுட்டால் ஒரு இடம், பைபாடில் வைத்துச் சுட்டால் வேறு இடம் என்று குறி அலையும்.

ரிசீவரில் எஃகுக்குப் பதில் டைட்டானியம் வைத்தால் ஏறத்தாழ 200 கிராம் மிச்சமாகும்; ஒரு கன சென்டிமீட்டர் எஃகு 7.8 கிராம் என்றால் டைட்டானியம் 4.5 கிராம்தான். விலைதான் தடை. சிறிய தோட்டாவுக்கும் பெரிய தோட்டாவுக்கும் ஒரே நீள ரிசீவரைப் பயன்படுத்தும் நிறுவனங்களும் உண்டு. டிக்கா டி3எக்ஸ் அப்படித்தான். அதனால் அதில் குட்டைத் தோட்டாவை எடுத்தாலும் ரிசீவர் எடையில் மிச்சம் கிடையாது. ஆனாலும் வெற்று எடை 2.9 கிலோ அளவில் நிற்கிறது, தோட்டாவை ஏற்றி இறக்கும் போல்ட் வழுக்கிக்கொண்டு போகும், சுட விரலால் இழுக்கும் விசை நன்றாக இருக்கும். எடையைக் கடைசிக் கிராம் வரை துரத்தாமல் நிறுத்திக்கொண்ட ரைபிளுக்கு அது நல்ல எடுத்துக்காட்டு.

மேகசின் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அடியில் மூடிய மேகசின் இலேசு, தொலையாது. ஆனால் தோட்டாக்களை மேலேயிருந்து ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். கழற்றும் மேகசின் கொஞ்சம் கனம், வண்டியில் ஏறி இறங்கும்போது பாதுகாப்பாகக் காலி செய்ய எளிது.

5. விசையும் பிடியும்

இலேசான ரைபிள் துல்லியமற்றது என்பது தவறு. அது சுடக் கடினமானது, அவ்வளவுதான். மேசையில் மணல்மூட்டை மேல் வைத்துச் சரியாகப் பிடித்தால் இலேசானதும் கனமானதும் ஒன்றுபோல் குண்டுகளை ஒட்டி வைக்கும். கையில் பிடித்து மூச்சிரைக்கச் சுடும்போதுதான் வேறுபாடு தெரியும்.

முதல் காரணம் விசை. 2.7 கிலோ ரைபிளில் விசையை இழுக்க 2 கிலோ அழுத்தம் தேவைப்பட்டால், விரல் அசையும்போதே முழு ரைபிளும் அசையும். 4 கிலோ ரைபிள் இதை மன்னித்துவிடும். அதனால் இலேசான ரைபிளில் 1.2 முதல் 1.5 கிலோ அழுத்தத்தில் சுத்தமாக விடுபடும் விசை ஆடம்பரமல்ல, அடிப்படைத் தேவை. அதைவிடக் குறைத்தால் குளிரில் மரத்த விரலுக்கு, கையுறைக்கு ஆபத்து.

இரண்டாவது காரணம் நம் கண்ணுக்குத் தெரியாதது. குண்டு குழலை விட்டு வெளியேறும் முன்பே ரைபிள் பின்னோக்கி நகரத் தொடங்கிவிடுகிறது. .308-இல் 3 கிலோ ரைபிள் அந்த நேரத்துக்குள் 2 மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும், 4 கிலோ ரைபிள் ஒன்றரை மில்லிமீட்டர். அந்தச் சிறு நகர்வின்போது ரைபிளை எப்படிப் பிடித்திருக்கிறீர்கள் என்பது குண்டு விழும் இடத்தை மாற்றும். கனமான ரைபிளை மணல்மூட்டை மேல் போட்டுவிட்டு விரலால் மட்டும் சுடலாம். இலேசான ரைபிளில் அது நடக்காது. முன்கட்டையை இடது கையால் உறுதியாகப் பிடிக்க வேண்டும், தோளுக்குள் ஒரே அளவு அழுத்தத்தோடு இழுத்து வைக்க வேண்டும், கன்னம் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் அமர வேண்டும். மேசையில் சுடும்போதும் இதே பிடியைப் பிடியுங்கள். இல்லையென்றால் மேசையில் சரிசெய்த குறி காட்டில் வேறாக இருக்கும்.

எடை எங்கே இருக்கிறது என்பதும் எடை அளவுக்கு முக்கியம். முனை மிக இலேசாகி, பின்பக்கம் பாரமாக இருந்தால் குறி காற்றில் மிதக்கும். கொஞ்சம் முன்பாரம் இருந்தால் குறி மெதுவாக ஆடும், விசையை இழுக்க நேரம் கிடைக்கும்.

6. ஸ்கோப்பை இலேசாகத் தேர்ந்தெடுங்கள், கண்ணைக் காப்பாற்றுங்கள்

இலேசான ரைபிளுக்கு 300 முதல் 400 கிராமுக்குள் ஒரு ஸ்கோப் போதும். 2-7 அல்லது 3-9 பெருக்கம், முன்கண்ணாடி 33 முதல் 40 மில்லிமீட்டர். 300 மீட்டர் வரை மானைச் சுட இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. 50, 56 மில்லிமீட்டர் ஸ்கோப் ரைபிளின் மேல் உயரமாக உட்காரும். தோளில் தொங்கும்போது ரைபிளைத் தலைகீழாகச் சுழற்றிவிடும். கன்னமும் கட்டையில் அமராது.

ஒரு விஷயத்தில் மட்டும் சமரசம் வேண்டாம். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடையே குறைந்தது 9 சென்டிமீட்டர் இடைவெளி தரும் ஸ்கோப்பாகப் பாருங்கள். இலேசான ரைபிள் வேகமாகப் பின்னே வரும். மேட்டை நோக்கிச் சுடும்போது கண் இன்னும் நெருங்கியிருக்கும். புருவத்தில் பிறைவடிவ வெட்டு விழுவது இப்படித்தான். வேகமான உதையில் வளையத் திருகாணிகளும் தளரும், அதனால் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு முறுக்கு அளக்கும் கருவி வைத்து முறுக்குங்கள், கைக்கணக்கு வேண்டாம்.

7. கடையில் பத்து நிமிடம்

ரைபிள் காலியாக இருக்கிறதா என்று போல்ட்டைத் திறந்து நீங்களே பாருங்கள். அப்புறம் ஒரு தாளை மடித்துக் குழலுக்கும் முன்கட்டைக்கும் நடுவே விட்டு ரிசீவர் வரை இழுத்துப் பாருங்கள்; தடையில்லாமல் போக வேண்டும். இப்போது ஒரு கையால் முன்கட்டையின் நுனியையும் குழலையும் சேர்த்துப் பிடித்து அமுக்குங்கள். விரலின் அழுத்தத்துக்கே இடைவெளி மூடிக்கொண்டால் அந்தக் கட்டை பைபாடைத் தாங்காது.

கண்ணை மூடிக்கொண்டு ரைபிளைத் தோளில் ஏற்றுங்கள். கன்னம் வசதியாக அமர்ந்ததும் கண்ணைத் திறந்தால் ஸ்கோப்பின் நடுவே முழுப்படம் தெரிய வேண்டும். கழுத்தை நீட்டியோ மடக்கியோ பார்க்க வேண்டியிருந்தால் கட்டை உங்கள் உடம்புக்குப் பொருந்தவில்லை. வேட்டையில் போடும் தடித்த மேலங்கியோடு பார்ப்பது நல்லது. அனுமதி கேட்டு விசையை இழுத்துப் பாருங்கள். முன்னோட்டமாக இழுபடுதல், கரகரப்பு இருக்கிறதா, சரிசெய்ய முடியுமா என்று கேளுங்கள். பின்புற ரப்பர் தட்டை விரலால் அமுக்கிப் பாருங்கள். கல்லைப்போல் இருந்தால் மாற்ற வேண்டிவரும்.

8. சுடுதளத்தில் எதைச் சோதிக்க வேண்டும்

மூன்று குண்டு ஒட்டி விழுந்த ஒரு படத்தைக் காட்டி ரைபிளைப் புகழ்வது வழக்கமாகிவிட்டது. மூன்று குண்டு எதையும் நிரூபிக்காது, தற்செயலாகவும் ஒட்டும். இலேசான ரைபிளைச் சோதிக்க நான் பரிந்துரைப்பது இது: 100 மீட்டரில் ஒரே குறிப்பலகை. குழல் முழுக்க ஆறிய நிலையில் இரண்டு குண்டு மட்டும் சுடுங்கள். பலகையை எடுத்து வைத்துவிடுங்கள். வேறொரு நாள் அதே பலகையில் மறுபடி இரண்டு. இப்படிப் பத்துக் குண்டு சேரும்வரை தொடருங்கள். அந்தப் பத்தும் விழுந்த பரப்புதான் காட்டில் உங்கள் ரைபிளின் உண்மையான துல்லியம்.

குண்டுகள் பரவும் அளவைக் கோணத்தால் சொல்லும் அலகு எம்.ஓ.ஏ.; ஒரு எம்.ஓ.ஏ. என்பது 100 மீட்டரில் 2.9 சென்டிமீட்டர். பத்துக் குண்டும் 1.5 எம்.ஓ.ஏ.வுக்குள், அதாவது 4.4 சென்டிமீட்டருக்குள் விழுந்தால் மகிழ்ச்சியாக வைத்துக்கொள்ளலாம். 300 மீட்டரில் அது 13 சென்டிமீட்டர். நடுத்தர மானின் உயிர்நிலைப் பகுதி 20 சென்டிமீட்டர் வட்டம். ரைபிள் தன் பங்கைச் செய்கிறது என்று அர்த்தம். நாலைந்து வகைத் தோட்டாக்களை முயலுங்கள். மெல்லிய குழல்கள் இதில் முரண்டு பிடிக்கும், ஒரு வகையை ஏற்கும், இன்னொன்றைச் சிதறடிக்கும்.

உதைக்கு உடம்பு பயந்துவிட்டதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நம்பிக்கையான துணைவர் ஒருவர், உண்மையான தோட்டாக்களுக்கிடையே போலித் தோட்டாவையும் கலந்து, நீங்கள் பார்க்காதபடி ஒவ்வொன்றாக ஏற்றித் தரட்டும். போலித் தோட்டாவில் ஊசி விழுந்து 'டிக்' என்று மட்டும் கேட்கும். அந்த நொடியில் குழல் முனையைப் பாருங்கள். அசையாமல் நின்றால் சரி. முனை கீழே குத்தி, தோள் முன்னே தள்ளி, கண் மூடினால் உடம்பு பயந்திருக்கிறது. வரப்போகும் உதையை அது முந்திக்கொண்டு எதிர்க்கிறது. அப்படி நடந்தால் பெரிய தோட்டாக்களை நிறுத்திவிட்டு உதை மிகக் குறைந்த .22 ரைபிளுக்கும் காலித் துப்பாக்கிப் பயிற்சிக்கும் திரும்புங்கள். ஒரே அமர்வில் 15, 20 குண்டுக்கு மேல் இலேசான ரைபிளில் சுட வேண்டாம். அதற்கு மேல் பழகுவது பயத்தைத்தான்.

9. உங்கள் தூரத்தை அளந்துகொள்ளுங்கள்

மேசையை விட்டு எழுந்திருங்கள். 20 சென்டிமீட்டர் வட்டம் ஒன்றை வைத்து, வேட்டையில் உண்மையில் சுடும் நிலைகளில் சுடுங்கள்: உட்கார்ந்து, முழந்தாளிட்டு, முதுகுப்பையின் மேல் வைத்து, ஊன்றுகோல்களில் சாய்த்து. முடிந்தால் ஐம்பது மீட்டர் ஓடிவந்து மூச்சு வாங்கும்போது சுடுங்கள். காற்றடிக்கும் நாளிலும் போங்கள். பக்கக்காற்று இலேசான ரைபிளைக் கையிலேயே ஆட்டும் என்பது அங்கேதான் தெரியும். ஆறிய குழலிலிருந்து ஐந்து குண்டும் வட்டத்துக்குள் விழும் தூரம்தான் அந்த நிலையில் உங்கள் எல்லை. உட்கார்ந்தால் 120 மீட்டர், பை மேல் வைத்தால் 220 மீட்டர் என்று ஒவ்வொரு நிலைக்கும் ஒவ்வொரு எண் வரும். தோட்டாவின் திறன் 400 மீட்டர் என்று பெட்டியில் எழுதியிருப்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

முடிந்தால் நண்பரிடம் 4 கிலோ ரைபிள் ஒன்றை இரவல் வாங்கி, உரிமச் சட்டம் அனுமதித்தால், அதே சோதனையை அதிலும் செய்யுங்கள். கனமான ரைபிளில் உட்கார்ந்து 180 மீட்டர், இலேசானதில் 120 மீட்டர் என்று வந்தால் அந்த 60 மீட்டர்தான் எடைக்குறைப்புக்கு நீங்கள் கொடுக்கும் உண்மையான விலை. அடர்ந்த காட்டிலும் பாறைச்சரிவிலும் அறுபது மீட்டர் நெருங்கிப் போக மறைவு கிடைக்கும். இலேசான ரைபிள் அங்கே உங்களைச் சோர்வில்லாமல் கொண்டுசேர்ப்பதால் அந்த விலையைத் தாராளமாகக் கொடுக்கலாம். திறந்த புல்வெளியில், மறைவே இல்லாத இடத்தில் வேட்டையாடுபவர் கூடுதலாக எண்ணூறு கிராம் சுமப்பதுதான் சரி.